எழுப்புதல் வேண்டுமா? முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

எழுப்புதலுக்காக, அதாவது சபைக்கு விசுவாசத்தில் புது உயிர் வருவதற்காக, ஜெபிக்காத சபை சேலத்தில் ஒன்றாவது இருக்குமா என்று தெரியவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பந்தல் போடுகிறோம், கீபோர்டு வாடகைக்கு வருகிறது, வெளியூர் ஊழியர் வருகிறார். கடைசி நாள் ராத்திரி அழைப்பு கொடுக்கும்போது பாதிப் பேர் எழுந்து முன்னால் போகிறார்கள், சிலர் தேம்பித் தேம்பி அழுகிறார்கள். அந்த அழுகையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் திங்கட்கிழமை செவ்வாப்பேட்டையில் கடை திறக்கும்போது கடனைக் கேட்டு வருகிறவனுக்கு அதே பொய்தான் சொல்லப்படுகிறது, அண்ணன் தம்பி அதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்கள்.

நான் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன், பிரசங்கியார் இல்லை. சனிக்கிழமை ராத்திரி பட்டறையைப் பூட்டிய பிறகு எங்கள் வீட்டு மாடியில் சில ஆண்கள் கூடி வேதம் வாசிக்கிறோம். பெண்கள் என் மனைவியோடு கீழே கூடுகிறார்கள். இத்தனை வருஷத்தில் எங்கள் கூட்டத்தில் உண்மையாக உயிர் வந்த சமயங்களை எண்ணிப் பார்த்தால், ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தன் பாவத்தை ஒரு பெயரோடு, ஒரு விலாசத்தோடு, பணம் என்றால் ஒரு தொகையோடு சொல்லி, அதைத் தீர்க்கப் போனதிலிருந்துதான் ஆரம்பித்தது. அதை எப்படிச் செய்வது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பழைய டைரி வேண்டாம், அதில் ஏற்கெனவே பால்கணக்கு இருக்கும், வீட்டில் எல்லாரும் புரட்டுவார்கள். செல்போனிலும் வேண்டாம். பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: யாருக்கு, என்ன செய்தேன், இப்போது என்ன செய்ய வேண்டும். பிறகு 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களை வாய்விட்டு வாசியுங்கள். 'தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்' என்று தாவீது கேட்கிறார். ஆராய்கிற வேலை அவருடையது, உங்களுடையது இல்லை என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்து செய்த எல்லாவற்றையும் தோண்டி எடுக்க உட்கார்ந்தால் ஒன்று, பைத்தியம் பிடிக்கும்; இல்லாவிட்டால், பக்கம் பக்கமாக எழுதிவிட்டோம் என்ற பெருமை வரும். வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் எந்த முகம் வருகிறதோ அதை எழுதுங்கள். பெரும்பாலும் நீங்கள் எழுத விரும்பாத முகம்தான் முதலில் வரும்.

வீட்டில் இதற்கு இடம் கிடைக்காது. குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி, வாசலில் யாராவது. அதனால் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு வேலைநாளாகப் பார்த்து ஏற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். மே மாதம் போகாதீர்கள், கோடை விழாக் கூட்டத்தில் உட்காரக்கூட இடம் இருக்காது. காலை முதல் பஸ்ஸில் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி வெயில் ஏறுவதற்குள் மேலே இருக்கலாம். தியான இல்லங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் இதற்கு அறை எடுக்கத் தேவையில்லை. லேடீஸ் சீட் என்கிற மலைமுனை போதும். மஞ்சு விலகியதும் கீழே சேலம் பரந்து கிடக்கிறது, ஏறி வந்த மலைப்பாதை வளைந்து வளைந்து தெரிகிறது. நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு ஊரைத் தெருத் தெருவாகப் பாருங்கள் என்று சொல்வேன். அஸ்தம்பட்டிப் பக்கம் யார் இருக்கிறார்கள்? குகையில்? ஜங்ஷன் பக்கம் நீங்கள் முன்பு வேலை பார்த்த இடத்தில்? எந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறீர்கள்? அந்தத் தெருவில் யார் வீடு? தலையைக் குனிந்து "நான் பாவி" என்று சொல்லிக்கொண்டிருந்தால் வராத பெயர்கள் இப்படிப் பார்க்கும்போது வருகின்றன. ஒருவர் ஒரு மணி நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, எனக்கு லைன்மேட்டிலேயே நாலு பேர் இருக்காங்க" என்றார்.

எழுதும்போது வார்த்தையில் கவனம் வேண்டும். 'பலவீனம்', 'சூழ்நிலை', 'மனஸ்தாபம்', 'கொஞ்சம் கோபப்பட்டுவிட்டேன்' இதெல்லாம் வேண்டாம். எடுத்ததை எடுத்தேன் என்று எழுதுங்கள், அடித்ததை அடித்தேன் என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிறோம், செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, செய்யக்கூடாததைச் செய்தோம் என்று. நல்ல ஜெபம்தான், எனக்குப் பிடித்த ஜெபமும்கூட. ஆனால் எல்லார் குரலோடும் சேர்ந்து சொல்லும்போது ஒருவன் தன்னுடையதை அதற்குள் நைசாக மறைத்துவிடலாம். 51ஆம் சங்கீதம் எப்படி வந்தது என்று பாருங்கள். தாவீது பொதுவாக வருத்தப்பட்டதில் வரவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கு வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கின பணக்காரன் கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்று கைநீட்டிச் சொன்ன பிறகு வந்தது. அதுவரை அவருக்குத் தொழுகை, பலி எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

யோவான் ஸ்நானகனிடம் போன ஜனங்களும் இதையேதான் கேட்டார்கள், "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று. லூக்கா 3ஆம் அதிகாரத்தில் அவர் கொடுத்த பதில்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். உபவாசம் இரு, அழு, இரவெல்லாம் ஜெபி என்று ஒன்றுமே இல்லை. இரண்டு அங்கி இருக்கிறவன் ஒன்றைக் கொடு. வரி வசூலிக்கிறவனா, கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனா, யாரையும் மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்று இரு. ஒவ்வொரு தொழிலுக்கும் அந்தத் தொழிலின் பாவத்தை எடுத்துச் சொன்னார். அவர் செவ்வாப்பேட்டைக்கு வந்திருந்தால் எங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். வியாபாரி வெள்ளியை எடை போட்டுத் தருகிறார், நாங்கள் கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பித் தருகிறோம், நடுவில் சேதாரம். பற்றவைக்கிற பொடியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் எடை நிற்கும், தரம் இறங்கும், வாங்குகிற பெண்ணுக்கு அது கண்ணில் படவே படாது. ஜவ்வரிசி ஆலைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் டியூஷன் எடுக்கிறவருக்கும் இப்படி ஒன்று இருக்கும். உங்கள் தொழிலில் 'எல்லாரும் செய்றதுதானே' என்று சொல்வது எதுவோ, நோட்டில் இரண்டாம் பக்கம் அதற்கு.

(வெள்ளி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தட்டான் தன் முகம் வெள்ளியில் தெரியும்வரை புடமிடுவான், அப்படித்தான் கர்த்தரும் என்று மேடைகளில் சொல்வார்கள். மல்கியா புத்தகத்தில் புடமிடுகிறவர் உட்கார்ந்திருக்கிறார், அது சரி. முகம் தெரிகிற கதை அதில் இல்லை. பட்டறையிலும் முகம் பார்த்துத் தரம் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. மச்சம் என்று ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்து டச், அதாவது தரம், பார்ப்போம்.)

எழுதி முடித்ததும் முதலில் தேவனிடம் சொல்லுங்கள், எழுதியபடியே, ஒவ்வொன்றாக, வாய்விட்டு. பிறகு 1 யோவான் 1:9ஐ வாசியுங்கள். நாம் அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர். இங்கே நிறுத்தி, மன்னித்தார் என்று நம்ப வேண்டும். இதைத் தாண்டிக் குதித்து நேராக ஆட்களிடம் போகிறவர்கள், அவர்கள் மன்னிப்பதைக் கொண்டு தேவனுடைய மன்னிப்பை வாங்கப் பார்க்கிறார்கள். எதிராளி "போடா" என்று சொல்லிவிட்டால் உடைந்துபோகிறார்கள். வரி வசூலிக்கிற சகேயு விஷயத்தில் வரிசை எப்படி இருக்கிறது? இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறார், தங்குவதற்கு. அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, 'நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்' என்கிறான். திருப்பிக் கொடுத்து மன்னிப்பை வாங்கவில்லை. மன்னிக்கிறவர் வீட்டுக்குள் வந்துவிட்டார், அதனால் கை திறந்தது.

இனி கஷ்டமான பாகம். ஆளிடம் போவது. மத்தேயு 5:23-24இல் காணிக்கையைப் பீடத்தண்டையிலேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று இருக்கிறது. வெறுங்கையோடு போய் எப்படிப் பேசுவது என்று கேட்பார்கள். நான்கு வாக்கியம் போதும். என்ன செய்தேன் என்று ஒன்று. அது தப்பு என்று ஒன்று. இதைச் சரிசெய்ய இதைச் செய்யப்போகிறேன் என்று ஒன்று. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று ஒன்று. "ஆனா நீங்களும் அன்னைக்கு" என்று ஐந்தாவது வாக்கியம் வாயில் வந்தால் எழுந்து தண்ணீர் குடியுங்கள். 'உங்க மனசு நொந்திருந்தா மன்னிச்சுக்கங்க' என்பதும் மன்னிப்புக் கேட்பது இல்லை. அது அவர் மனசின் மேல் பழியைப் போடுவது. கூட யாரையும் கூட்டிப் போகாதீர்கள், முக்கியமாக ஆயரை. ஆயர் வாசலில் நின்றால் எதிராளியால் "இல்லை, மன்னிக்க மாட்டேன்" என்று சொல்ல முடியாது, அந்தச் சுதந்திரத்தை அவருக்கு விட வேண்டும்.

பணம் என்றால் கணக்கு சரியாக வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இளவயதில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். சாயங்காலம் டிபன் பாக்ஸில் கம்பித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு வருவார். கொஞ்சம் கொஞ்சமாக, பல மாதம். நோட்டில் அதை எழுதியதும் தொகை போட வேண்டியிருந்தது, அங்கேதான் சிக்கினார். அன்றைய விலைக்கா, இன்றைய விலைக்கா? அன்றைய விலைக்குக் கொடுத்தால் முதலாளிக்குப் பெரிய நஷ்டம், வெள்ளி விலை எங்கேயோ ஏறிவிட்டது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தோம். அபராதத்தின் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், முதலில் அறிக்கையும் பண்ண வேண்டும். வெள்ளியை எடுத்தவன் வெள்ளியாகவே கொடுக்கட்டும், எடையோடு ஐந்தில் ஒன்று கூட்டி, என்று முடிவாயிற்று. அவர் மனைவி சீட்டு எடுத்தார். அந்தப் பணத்தில் வெள்ளி வாங்கிக்கொண்டு இவர் போனார்.

அந்த முதலாளி கிறிஸ்தவர் இல்லை. சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் தராசில் வைத்து எடை பார்த்தாராம். பழைய பழக்கம், கை தானாகப் போகிறது. தன் கணக்கு நோட்டில் எழுதினார். அப்புறம், "ஏம்ப்பா, உங்க சாமி இதையெல்லாம் குடுக்கச் சொல்லுச்சா?" என்றார். "ஆமாங்க மொதலாளி." "எனக்கு அப்பவே தெரியும். உங்க அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு விட்டுட்டேன்." இவர் அதை எங்களிடம் வந்து சொன்னபோது மாடியில் யாரும் ஜெபம் பண்ண வாய் திறக்கவில்லை, கொஞ்ச நேரம். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் நோட்டு வாங்கியிருந்தார்கள். நானோ வேறு யாரோ சொல்லி இல்லை.

எழுப்புதல்கள் நடந்த விதத்தைப் படித்தாலும் இதேதான். கொரியாவில் 1907 ஜனவரியில் பியாங்யாங் நகரத்தில் கூடின கூட்டத்தில் கில் சன்-ஜூ என்கிற மூப்பர், செத்துப்போன நண்பரின் சொத்தைப் பார்த்துக்கொண்டபோது அதில் பணம் எடுத்ததைச் சபைக்கு முன்னால் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சபையில் அறிக்கைகள் நிற்கவில்லை. 1904இல் வேல்ஸ் நாட்டில் எழுப்புதல் வந்தபோது பழைய கடன்களைக் கட்ட ஆட்கள் கடைகளுக்கு வந்தார்கள். அங்கே முன்நின்ற இவான் ராபர்ட்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த இளைஞர். அவர் ஜனங்களுக்கு வைத்த முதல் காரியமே தெரிந்த பாவத்தை அறிக்கையிடுங்கள் என்பதுதான். சந்தேகமான பழக்கங்களை விடுவதும் ஆவியானவருக்கு உடனே கீழ்ப்படிவதும் எல்லாம் அதற்கு அப்புறம்தான். நம் தமிழ்நாட்டிலேயே 1860இல் அருளப்பன் ஐயாவின் கிறிஸ்டியான்பேட்டைச் சபையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குப் பரவின எழுப்புதலிலும் பாவ உணர்வும் கண்ணீரும்தான் முன்னால் வந்தன. வெளியூர்ப் பிரசங்கியாரை வரவழைத்ததால் வந்தது அல்ல அது. ஒரு தமிழர் நடத்திய கிராமத்துச் சபையில் வந்தது.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் சபை நடுவில் மைக்கில் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் கறாராக ஒரு விதி வைத்திருக்கிறோம்: பாவம் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு தூரம்தான் அறிக்கையும் போக வேண்டும். மனசில் மட்டும் நடந்தது தேவனோடு முடியட்டும். ஒருவனைப் பற்றி மனசுக்குள் பொறாமைப்பட்டதை அவனிடமே போய்ச் சொன்னால் உங்கள் பாரம் அவன் தலைக்கு மாறும், அவ்வளவுதான். ஒருவருக்குச் செய்தது அவரோடு முடியட்டும். சபைப் பணத்தில் கைவைத்ததும் சபைக்கு முன் புறங்கூறியதும்தான் சபைக்கு முன் வர வேண்டும். ஒழுக்கம் சம்பந்தப்பட்டதில் இன்னொருவருடைய பெயரும் மாட்டிக்கொள்கிறது, அவர் அனுமதி இல்லாமல் அதை வெளியில் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. ஆயரிடமோ நம்பிக்கையான ஒரு பெரியவரிடமோ தனியாகப் பேசிவிட்டு அடுத்த அடி வையுங்கள். பெண்கள் கூட்டத்தில் கேட்டதை ஆண்கள் கூட்டத்துக்குக் கொண்டுவரக்கூடாது என்பதும் விதிதான். என் மனைவி அதை என்னிடம்கூட மீறியதில்லை, நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிக்கிற புருஷனைப் பற்றி ஒரு பெண் சொல்லும்போது, "நீயும் மனந்திரும்பும்மா, மன்னிச்சு வீட்டுக்குப் போ" என்று அனுப்பாதீர்கள். மனந்திரும்ப வேண்டியவன் அடித்தவன். பிள்ளைகளிடம் தப்பாக நடந்தவன் எங்கள் மாடியில் வந்து அழுதால் நாங்கள் அவனுக்காக ஜெபிப்போம், அதோடு போலீஸுக்கும் சொல்வோம். ஜெபத்தைக் காட்டி மறைப்பது மனந்திரும்புதலில் சேராது. 'தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான்' என்று நீதிமொழிகள் சொல்வது சபைக்கும் சேர்த்துத்தான்.

சிலருக்கு எத்தனை தடவை அறிக்கை பண்ணினாலும் ஆறாது. அதே பாவத்தையே திரும்பத் திரும்ப எழுதுவார்கள், தூக்கம் வராது, சாப்பிட மாட்டார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் இரண்டு துக்கம் சொல்கிறார். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்பப் பண்ணும், மற்றது மரணத்துக்குப் போகும். முதல் துக்கம் ஆளை ஒரு வீட்டு வாசலுக்குப் போக வைக்கும், இரண்டாவது அறைக்குள்ளேயே படுக்க வைக்கும். இரண்டாவதில் இருக்கிறவரிடம் நோட்டைப் பிடுங்கி வைத்துவிடுங்கள், நல்ல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவிசுவாசம் என்று திட்டாதீர்கள்.

நோட்டில் ஒரு பெயரை அடித்ததும் உடனே சந்தோஷம் பொங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்குப் பொங்கும். பலருக்கு முதலில் ஒரு களைப்புதான். ஜெபம் மாறுவதை அப்புறம் கவனிப்பீர்கள்: நீளம் குறையும், நேராகப் போகும். வேதத்தில் முன்பு தாண்டிப்போன பகுதிகள் தடுத்து நிறுத்தும். எதிர்பாராத இடத்திலும் பலன் தெரியும். ஒரு அம்மா மருமகளிடம் போய், "நான் உன் சமையலைக் குத்தம் சொன்னதெல்லாம் என் மகன் உன் பக்கம் சாஞ்சிடுவானோங்கிற பயத்துலதான் கண்ணு" என்று சொன்னார். அதுவரை சபைக்கே வராத அந்த மருமகள் இப்போது எங்கள் மாடிப்படியில் செருப்பை அடுக்கி வைக்கிறாள். உமது ஜனங்கள் உம்மில் மகிழ்ந்திருக்கும்படி எங்களைத் திரும்ப உயிர்ப்பிக்கமாட்டீரோ என்று 85ஆம் சங்கீதம் கேட்பதற்கு எங்கள் தெருவில் பதில் வந்தால் இப்படித்தான் வருகிறது.

ஒரு தடவையோடு முடிகிற காரியமும் இல்லை. மார்ட்டின் லூதர் 1517இல் வெளியிட்ட தொண்ணூற்றைந்து வாக்கியங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். நாங்கள் நடைமுறையில் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை நோட்டை எடுக்கிறோம். கையில் புதுப் பெயர் இல்லையென்றால் நல்லது, மூடி வைத்துவிடலாம்.

கடைசியாக, அடிக்கடி வருகிற இரண்டு கேள்விகள். நேரில் போகக் கூச்சமாக இருக்கிறது, ஜிபேயில் பணத்தை அனுப்பிவிடலாமா? கூடாது. அவருக்கு எதற்கு வந்த பணம் என்றே தெரியாது, தப்பாக வந்ததென்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒருவருக்கு அப்படியே நடந்தது. ஊரில் இல்லாதவருக்கு மட்டும் போன் போட்டுப் பேசிவிட்டு அனுப்புங்கள்.

ஆள் இறந்துவிட்டால்? வாரிசைத் தேடிப் போங்கள், மகனோ மகளோ, அவர்களிடம் அதே நான்கு வாக்கியம். வாரிசும் இல்லையென்றால் எண்ணாகமம் 5:8 வழி சொல்கிறது, அது கர்த்தருக்குச் சேர வேண்டும். ஒரு கவரில் போட்டுக் காணிக்கையில் சேர்த்துவிடுங்கள். கவரின் மேல் உங்கள் பெயர் வேண்டாம். எழுதினால் அடுத்த மாதச் சபைப் பத்திரிகையில் நன்கொடையாளர் பட்டியலில் போட்டுவிடுவார்கள்.